பெயருள்ள கோயிலுக்கு இலக்கம் எதற்கு?

பொலன்னறுவையில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக நிற்கும் கற்கோயில் ஒன்றுக்கு இந்நாட்டில் வழங்கும் பெயர் “இரண்டாம் இலக்கச் சிவ தேவாலயம்” என்பதாகும். வழிகாட்டி நூல்களிலும் நிலப்படங்களிலும் அப்படியே. எம்மவர் எழுதும் கட்டுரைகளிலும் பெரும்பாலும் அப்படியே. சிறைக்கூடத்திற் கைதிக்கு இலக்கம் உண்டு. ஆசுபத்திரியிற் கட்டிலுக்கு இலக்கம் உண்டு. ஆயினும் அவ்விடங்களிலும் ஆளின் பெயர் இடாப்பில் இருந்தே தீரும். இக்கோயிலோ தன் பெயரைத் தன் கல்லிலேயே வைத்திருக்கின்றது. சோழ மன்னன் அதிராசேந்திரனின் ஆட்சியாண்டு குறித்து அங்கே வெட்டப்பட்ட தமிழ்ச் சாசனம், அங்கு எழுந்தருளியிருந்த இறைவனை வானவன்மாதேவி ஈச்சரமுடையார் என்று குறிக்கின்றது. வானவன்மாதேவி முதலாம் இராசராசனின் தேவி. முதலாம் இராசேந்திரனைப் பெற்ற தாய். அவள் பெயரால் எழுந்த ஈச்சரத்தை நாம் இரண்டு என்கின்றோம்.

சாசனம் வெட்டப்பட்ட காலமும் கவனிக்கத் தக்கது. அதிராசேந்திரன் ஆட்சி 1070 ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. முதலாம் விசயபாகு பொலன்னறுவையினின்றும் சோழரைத் துரத்தியதும் அதே 1070 ஆம் ஆண்டிலேயாம். ஆட்சி ஆட்டங்கண்டிருந்த அந்நாளிலும், கோயிலுக்குரியதைக் கல்லில் எழுதுவித்தல் வேண்டும் என்ற கருத்து அம்மக்களை விட்டு அகலவில்லை. உறுதி எழுதாமற் காணி கைமாற்றும் எம்மூர்ப் பேர்வழிகள் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று.

பெயரைப் பற்றி வழக்காடு முன் கோயிலைப் பார்த்தல் வேண்டும். தலதா மளுவ எனப்படும் சதுர மேடையைக் கடந்து, பபலு விகாரைக்கும் அப்பால் கிழக்கே பிரியும் பாதையில் அது நிற்கின்றது. பொலன்னறுவைக்குச் செல்வோர் காணும் பெருங் கட்டடங்கள் பெரும்பாலும் செங்கல்லால் ஆகிச் சுதை பூசப்பெற்றவை. இலங்காதிலகம் கூரையிழந்து இரு நெடுஞ்சுவர்களாய் வானை நோக்குகின்றது. திவங்கப் படிமனையும் தன் பழைய முடியை இழந்தது. தூபாராமத்தின் வளைகூரை மட்டும் பிழைத்தது. இவற்றினிடையே இச்சிறிய ஈச்சரம் அடி முதல் முடி வரை கல்லாலேயே ஆகி, முடியோடு நிற்கின்றது. நகரத்தில் இன்று எஞ்சிய கட்டடங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று என்று அறிஞர் இதனைக் கூறுவர்.

கல்லாலாகிய கோயிலைக் கற்றளி என்பது பழைய வழக்கு. செங்கல்லாலும் மரத்தாலும் ஆகியிருந்த கோயில்களைக் கற்றளியாக்கும் பணி பத்தாம் நூற்றாண்டிற் சோழநாட்டிற் பெருகிற்று. செம்பியன் மாதேவியாரின் திருப்பணிகள் அதற்குப் பெயர் பெற்றவை. அப்பணியிற் கைதேர்ந்த சிற்பியர் மரபே 1010 ஆம் ஆண்டில் தஞ்சைப் பெருங்கோயிலை முடித்தது. தஞ்சை விமானம் 200 அடிக்கு மேல் உயர்ந்தது. பொலன்னறுவை ஈச்சரத்தின் விமானம் ஏறக்குறைய 30 அடியே. எனினும் இரண்டுக்கும் உறுப்புக்கள் ஒன்றே. சிற்பநூலார் விமானத்தை ஓர் ஆளாகப் பாவித்து ஆறு அங்கம் கூறுவர். அதிட்டானம் அடி, பாதம் எனப்படும் சுவர் கால், பிரத்தரம் தோள், கண்டம் கழுத்து, சிகரம் தலை, தூபி குடுமி. இவ்வாறங்கமும் கல்லில் அமைந்த கோயிலை இந்நாட்டிற் காண விரும்புவோர்க்கு இதனினும் சிறந்த பாடப்புத்தகம் இல்லை.

கருவறை கிழக்கு நோக்கியது. அதன் முன் இடைகழியும் அர்த்தமண்டபமும் உள. அவற்றுக்கு முன்னிருந்த மண்டபத்தின் அடித்தளமும் குறைத்தூண்களுமே எஞ்சின. சுவரின் புறத்தே அரைத்தூண்கள் அளவோடு இடம்விட்டு நிற்கின்றன. நடுவே தேவகோட்டங்கள், மூர்த்தங்களின்றி வெறுமையாய் உள. சுவரின் மேல் வெளிநீண்டு கவிந்த கபோதமும், அதன் மேல் மீண்டும் சிறுத்தெழும் நிலையும், ஈற்றில் எட்டுப் பட்டைச் சிகரமும் கண்ணை மெல்ல மேலே ஏற்றுகின்றன. சதுரச் சிகரம் நாகரம், எண்பட்டை திராவிடம், வட்டம் வேசரம் என்பது ஆகமப் பகுப்பு. அலங்காரம் மிகக் குறைவு. பிற்காலக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வறிதாகவும் தோன்றலாம். எமக்கோ, வேண்டாத சொல் ஒன்றும் இல்லாத நல்ல வழக்குரை போலத் தோன்றுகின்றது.

இத்தகைய கற்றளிகளிற் கல்லும் கல்லும் சாந்தினாற் பிணைக்கப்படுவதில்லை. அடுக்கின் பொருத்தமும் மேற்பாரமும் சேர்ந்தே கட்டடத்தை நிறுத்துகின்றன. மேற்செல்லும் ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையினும் சிறிது உள்ளே நீட்டி வைக்கப்பட்டு, இடைவெளி ஒடுங்கி, ஒரு கல்லால் மூடத்தக்க அளவுக்கு வந்துவிடும். கிணற்றுக்குக் கல் அடுக்கிய யாழ்ப்பாணத்தானுக்கும் மதகுக்குக் கல் அடுக்கிய வன்னிக் கமக்காரனுக்கும் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. எந்தக் கல்லை முதலில் வைப்பது, எதன் பாரம் எதன் மேல் விழும் என்பதை அறிந்தவனே இதனைக் கட்ட முடியும்.

இதே நகரில் “முதலாம் இலக்கம்” எனப்படும் சிவாலயத்தை ஒப்புநோக்கினால் இந்நுட்பத்தின் பயன் விளங்கும். அது பாண்டியர் பாணியிற் பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் எழுந்தது என்பர். அதன் சுவர்க் கற்கள் இழைத்துப் பொருத்தப்பட்ட அழகு, இரண்டாம் இலக்கத்தின் சுவரினும் மேலானது. ஆயினும் அதன் மேற்பகுதி செங்கல்லாலானது, அது விழுந்துபோயிற்று. அவ்விடத்திலேயே 1907, 1908 ஆம் ஆண்டுகளில் நடராசரும் சிவகாமியும் நாயன்மாரும் ஆகிய வெண்கலப் படிமங்கள் மண்ணினின்றும் எடுக்கப்பட்டன. ஆனந்த குமாரசுவாமியும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவற்றைப் பற்றி எழுதிய பின்னரே உலகம் அவற்றின் பெருமையை அறிந்தது. அவை கொழும்பு நூதனசாலைக்குச் சென்றன. இத்துணைச் சான்றுகள் கிடைத்த அக்கோயிலையும் ஒருகாலத்தில் ஊரார் “தலதா மாளிகை” என்றே வழங்கினர். எழுத்தைப் படிப்பார் இல்லாதவிடத்து ஊர்வாய் எதையும் சொல்லும்.

இனி இலக்கம் வந்த வரலாறு. எச். சி. பி. பெல் அவர்கள் 1890 முதல் 1912 வரை தொல்பொருளாராய்ச்சித் தலைவராக இருந்தார். அவர் காலத்திற் பொலன்னறுவைக் காடு வெட்டப்பட்டு இடிபாடுகள் வெளிப்பட்டன. காட்டினுள்ளே ஒன்றன்பின் ஒன்றாகச் சிவாலயங்களும் விண்ணகரங்களும் தோன்றியபோது, அவற்றை இனங்காண எண்ணிடுவது வேலையொழுங்கு. அதனைக் குறை கூறோம். பட்டோலை எழுதுபவன் முதலில் ஒன்று, இரண்டு என்று எழுதித்தான் ஆகவேண்டும். பெயர் தெரிந்த பின்னரும் இலக்கமே நிலைத்து நிற்பதையே நாம் கேள்வி கேட்கின்றோம். குழந்தைக்குப் பெயரிடும் வரை “மூத்தது”, “இளையது” என்பார்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் அவ்வாறு எழுதுவதில்லை.

சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 90 ஆம் பிரிவு, முப்பது ஆண்டு பழமையான பத்திரம் உரிய காவலினின்றும் கொணரப்படுமாயின், அதன் கையெழுத்தும் நிறைவேற்றமும் உண்மையென நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று விதிக்கின்றது. இங்கே பத்திரம் 950 ஆண்டு பழமையானது. எழுதப்பட்டதோ அழியாக் கல்லில். காவலாளியோ அரசாங்கத்தின் திணைக்களமே. இதனினும் வலிய சான்றை எந்த வழக்கறிஞர் கொணர முடியும்? மேலும், 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாகும். பொலன்னறுவைப் புராதன நகர் 1982 ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளது. உலகத்துக்குக் காட்டும் இடத்திற் கோயிலின் பெயரை அதன் சொந்த மொழியில் எழுதுமாறு கேட்பது சலுகை கேட்பதன்று.

நண்பர் சிலர் ஒரு தடை எழுப்புவர். சோழர் படையெடுத்து வந்தவர் அல்லரோ, அவர் நினைவைப் போற்றுவது அயலாரின் புண்ணைக் கிளறுவதாகாதோ என்பர். வந்தவர் படையெடுத்தே வந்தனர்; இதனை மறைப்பது நேர்மையன்று. 993 ஆம் ஆண்டளவில் இராசராசனின் படை அனுராதபுரத்தை வீழ்த்திற்று. 1017 ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சோழநாடு கொண்டு சென்றது. விகாரைகள் கொள்ளையிடப்பட்டதைச் சூளவமிசம் கூறுகின்றது. ஈழமண்டலத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் தஞ்சைக் கோயிலுக்கு ஒதுக்கப்பட்டதை அக்கோயிற் சாசனங்களே கூறுகின்றன. இந்நாட்டு உழவன் விளைத்த நெல்லுக்கு அங்கே கணக்கு எழுதப்பட்டது. அவ்வுழவன் எம்மொழி பேசினாலும் அவனுக்கு அது இனித்திராது.

ஆனால் கல் அதனோடு நிறுத்திவிடுவதில்லை. சோழரைத் துரத்திய விசயபாகுவின் நாற்பத்திரண்டாம் ஆட்சியாண்டைக் குறிக்கும் பாலமோட்டைத் தமிழ்ச் சாசனம், கந்தளாயிலிருந்த சிவன் கோயிலை விசயராச ஈச்சரம் என்று அழைக்கின்றது. பௌத்த மன்னன் பெயரைச் சிவன் கோயில் தாங்கியிருந்தது. அவன் இறந்த பின் வேளைக்காரப் படையினர் பொலன்னறுவையில் வெட்டுவித்த பெருஞ் சாசனம், தலதாக் கோயிலைத் தாம் காத்து நிற்பதாக உறுதி கூறுகின்றது. அக்கோயிலுக்கு மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி என்று பெயருமிடுகின்றது. அச்சாசனமும் தமிழ். திருகோணமலைக்கு அண்மையிற் பெரியகுளத்திலுள்ள வெல்கம் விகாரையைத் தமிழ்ச் சாசனங்கள் இராசராசப் பெரும்பள்ளி என்கின்றன. அங்கே தமிழர் புத்தர்பெருமானுக்கு விளக்கு வைத்தனர். படிமனையின் அதிட்டானமோ கற்றளிகளின் வரிசையிலேயே அமைந்தது. சிவாலயமெல்லாம் தமிழன் சொத்து, விகாரையெல்லாம் சிங்களவன் சொத்து என்று காணி பிரிப்பது போல் இந்த வரலாற்றைப் பங்கு பிரிக்க முற்படுவோர், இந்த மூன்று கற்களுக்கும் என்ன எல்லை எழுதுவர்?

ஆகவே பெயரைக் கேட்பது ஆட்சியைக் கேட்பதன்று. எவர் எதனை எங்கே கட்டினர் என்பதை உள்ளபடி எழுதுக என்பதே எமது கோரிக்கை. அது அவர்களுக்கும் எமக்கும் பொதுவான விதி. வெல்கம் விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரும் உண்டு என்பதைக் கேட்டு முகஞ்சுளிக்கும் சிங்கள அன்பரும், தமிழர் பௌத்தராயிருந்தனர் என்பதைக் கேட்டு முகஞ்சுளிக்கும் சைவ அன்பரும் எமக்கு ஒருவரே.

மாந்தையையும் நினைத்தல் வேண்டும். மாதோட்டமான இராசராசபுரத்தில் தாழி குமரன் என்னும் சோழ அதிகாரி இராசராச ஈச்சரம் என்றொரு கோயில் எடுப்பித்தான். அவன் வழங்கிய நிலமும் கோயிலுக்குரிய வருவாயும் சாசனத்திற் குறிக்கப்பட்டுள. அச்சாசனக் கல் கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது; கோயிலோ இல்லை. திருகோணமலையிற் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா 1622 ஆம் ஆண்டில் இடித்தான். அதன் கற்கள் கோட்டைக்குச் சென்றன. கயற்சின்னம் பொறித்த கல்லொன்று கோட்டை வாயிலிலேயே நிற்கின்றது. ஓரிடத்திற் பெயர் இருந்து கட்டடம் போயிற்று. மற்றோரிடத்திற் கட்டடம் கோட்டையாயிற்று. பெயரும் கட்டடமும் சேர்ந்து எஞ்சிய இடம் பொலன்னறுவை ஈச்சரம். அதனையே நாம் இலக்கத்தால் அழைக்கின்றோம்.

இதுகாறும் பிறரைக் கேட்டோம். எம்மையும் கேட்போம். கடந்த நூறாண்டிற் பழங்கோயில்களைத் திருப்பணி என்ற பெயரால் அடியோடு பெயர்த்து, சீமெந்தாற் புதிது கட்டி, ஏழு வர்ணம் பூசியவர் எவர்? எழுத்துள்ள கல்லைத் தளத்திற் கவிழ்த்துப் பதித்தவரும், துவைகல்லாக்கியவரும், கிணற்றுப் படியாக்கியவரும் எவர்? போர்த்துக்கேயன் இடித்ததை நாம் ஆண்டுதோறும் பேசுகின்றோம். நாமே இடித்ததைக் கும்பாபிடேக மலரில் உபயகாரர் பெயரோடு அச்சிடுகின்றோம். நன்கொடையாளர் பெயரைச் சலவைக்கல்லிற் பொறிக்கும் தருமகர்த்தாக்கள், ஆயிரமாண்டுக்கு முந்திய நன்கொடையாளனின் கல்லை எங்கே எறிந்தோம் என்று சற்றுத் தேடிப் பார்ப்பார்களாக.

கமக்காரர்க்கும் இதில் அக்கறை உண்டு; சொல்லப்போனால் மற்றெவரினும் அவர்க்கே மிகுதி. பொலன்னறுவைப் பெயர்ப்பலகையால் எம் வயலுக்குத் தண்ணீர் வருமோ என்று கேட்கலாம். வராது. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் பல ஆண்டுகளாகக் காணியின் மீது உரிமை பேசுவது கல்லைக் காட்டியே நடைபெறுகின்றது. 2020 ஆம் ஆண்டிற் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று சனாதிபதி செயலணி ஒன்றை நியமித்தபோது, அதிற் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்தாமும் இடம்பெறவில்லை. கிழக்கு மாகாண மண்ணிற் கிடைக்கும் கல்லைப் பற்றித் தீர்மானிக்கும் சபையில், அக்கல்லில் எழுதப்பட்ட மொழியைப் பேசுபவன் இல்லை! இந்நிலையில், வயலிற் கல்லொன்று கிடைத்தாற் காணி போய்விடும் என்று அஞ்சி இரவோடிரவாக உடைத்துவிடும் கமக்காரனை நான் முற்றாகக் குறை கூறேன். அவன் அச்சத்துக்குக் காரணம் உண்டு. எனினும் அவன் உடைப்பது தன் பக்கத்துச் சாட்சியாகவும் இருக்கக்கூடும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி கண்டெடுத்ததை அறிவித்தல் கடமை, சேதப்படுத்தல் குற்றம். கல்லை உடைத்தவன் சான்றையும் இழக்கின்றான். சட்டத்தின் முன் குற்றவாளியும் ஆகின்றான்.

செய்யத்தக்கது இது. கல் கிடைத்தால், கிடைத்த இடத்தினின்றும் பெயர்க்காதிருக்க வேண்டும். எண்ணெயும் சந்தனமும் பூசலாகாது, சுண்ணாம்பு பூசலாகாது, எழுத்து விளங்கவேண்டுமென்று இரும்பாற் சுரண்டவும் ஆகாது. பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசியால் நாற்புறமும் படம் எடுத்து, நாளையும் காணியின் பெயரையும் குறித்து வைத்தல் வேண்டும். கிராம அலுவலருக்கும் திணைக்களத்துக்கும் எழுத்தில், பதிவுத் தபாலில் அறிவித்து, பிரதியைக் காணி உறுதியோடு வைத்திருத்தல் வேண்டும். வாயால் அறிவித்தது அறிவித்ததாகாது. எம் வழக்குகள் பாதி இவ்விடத்திலேயே தோற்கின்றன. பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புக. பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை 1971, 1972 ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தமிழ்ச் சாசனங்களை நூலாக வெளியிட்டார், பேராசிரியர் சி. பத்மநாதனின் தொகுப்பு 2006 இல் வந்தது. அவ்வறிஞர் படித்த கற்களுட் பல, ஊரவர் எவரோ உடைக்காமல் விட்டவை.

அடுத்த தலைமுறைக்குச் சாசனம் படிக்கக் கற்பிப்பது பெருஞ்செலவுக்குரிய காரியமன்று. சோழர் காலத் தமிழெழுத்தை முயற்சியுள்ள மாணாக்கன் சில மாதங்களிற் படிக்கப் பழகலாம். மருத்துவமும் பொறியியலும் கற்பதற்குப் பிள்ளைகளை விரட்டும் எம் பெற்றோர், பத்தாயிரம் பேரில் ஒருவனையேனும் இதற்கு விடுவார்களாயின் போதும். சட்டம் கற்கும் இளைஞர்க்கும் சொல்வேன்: நில உரிமை வழக்குக்கு ஒல்லாந்தர் தோம்பைத் தேடிச் செல்லும் நீங்கள், அதற்கும் அறுநூறு ஆண்டுக்கு முந்திய தோம்பு கோயில் அதிட்டானத்தில் இருக்கின்றது என்பதை மறவாதீர்கள்.

பொலன்னறுவைக்குத் திரும்புவோம். கருவறையிற் சிவலிங்கம் உண்டு. வழிப்போக்கர் பூ வைத்து வணங்குகின்றனர். அவர்களுள் தமிழரும் சிங்களவரும் உளர். அங்கே கட்டட வேலை எதுவும் செய்யவேண்டாம், புதிய கோபுரமும் வேண்டாம், வர்ணமும் வேண்டாம். மாற்றவேண்டியது ஒரு பலகையும் ஏடுகளில் ஒரு வரியும். முதலிற் பெயர்: வானவன்மாதேவி ஈச்சரம். அதன் கீழ் காலம்: பதினோராம் நூற்றாண்டு. அதன் கீழ், வேண்டுமாயின் சிறிய எழுத்தில், திணைக்களத்தின் இலக்கம். மூன்று மொழியிலும் அவ்வொழுங்கு மாறலாகாது. ஒவ்வோர் ஊர்க் கோயில் பரிபாலன சபையும் கமக்காரர் அமைப்பும் இக்கோரிக்கையைத் தமிழில் எழுதித் தொல்பொருட் பணிப்பாளர் நாயகத்துக்கு அனுப்புக. சாசன வாசகத்தின் பிரதியை உடன் இணைக்குக. தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் மறுமொழி பெறும் உரிமை உண்டு. அம்மறுமொழி வந்ததும் அதனை இப்பத்திரிகைக்கும் அனுப்பி வைக்குமாறு வேண்டுகின்றேன்.